அம்மா சொல்லாத வலி

அன்பு மகள் மெரினாவுக்கு, நீயும் மருமகனும் அந்தக் குளிர் தேசத்தில் நோய் நொடியின்றி இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நான் சுகம். அம்மாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது, அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அம்மாவுக்கு, குடலிலிருந்து இரத்தம் திரும்புகிற நாளத்தில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதாம். உறைவு கூடாமல் இருக்க ஊசி போடுகிறார்கள். அது பிடித்தால் வெட்டாமலே தப்பலாம், குடல் அழுகத் தொடங்கினால் உடனே ஒப்பரேஷன், பிந்தினால் உயிருக்கே மோசம். அழுகுமா என்று முன்கூட்டியே அறிய முடியாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். டாக்டர் நோனா நல்லவர், சிங்களப் பெண்மணி என்றாலும் கொஞ்சம் தமிழும் பேசுவார். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் பாக்கிறது ஐயா, ஒண்ண மட்டும் வச்சிச் சொல்ல ஏலாது, வலி கூடினா அம்மாதான் சொல்லணும் என்றார். இவ்வளவு இயந்திரம் இருந்தும் இதுதானா பதில் என்று எரிச்சலாக வந்தது.

உன் அம்மாவோ அதைத்தான் சொல்ல மாட்டேன் என்கிறாள். டாக்டர் வயிற்றை அழுத்தினால் சிரிக்கிறாள், நல்லா இருக்கேங்க நோனா என்கிறாள். தேயிலைக் கொழுந்து பறித்த காலத்தில் கங்காணிக்குச் சொன்ன அதே பதில். டாக்டர் நகர்ந்ததும் போர்வையைக் கடிக்கிறாள். நான் கேட்டால், இந்தப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பார்த்து, சும்மா இருங்க மாஸ்டர், ஒங்களுக்குத்தான் வயித்தக் கலக்குது, என்னக் கிழிச்சிப்புட்டா யாரு தைக்கிறது, நீங்களா என்கிறாள். பக்கத்துக் கட்டில் பேச்சியம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது.

இன்று காலை துணிந்து டாக்டரிடம் நானே சொல்லிவிட்டேன். அம்மா முறைத்துக்கொண்டு, இந்த மனுசன் தும்மினாலே பயப்படுவாருங்க, நம்பாதீங்க என்றாள். டாக்டர் யாரை நம்புவார்? ஸ்கேனுக்கு மாலைதான் முறை கிடைத்திருக்கிறது, அம்மா வாயாலே வந்தா அதுக்கு முந்தியே முடிவெடுப்பேன் என்கிறார். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம், வீணாக அவளைக் கத்திக்குக் கொடுத்துவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. ஆனால் வயிறு நேற்றை விட வீங்கியிருக்கிறது, அது என் பயமில்லை.

ஆண்டவர் உங்களைக் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு. வாசித்த உடனே அழை, போனை அம்மா காதில் வைக்கிறேன். எப்படி இருக்கீங்க என்று மட்டும் கேட்டுவிடாதே. எங்கே வலிக்குது என்று கேள், பதில் வரும்வரை போனை வைக்காதே.

அன்புள்ள அப்பா,
வியாகுலம்
நோர்வூட்