பூ வைத்துக் கட்டிய பால்

4-3-63, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. பஞ்சு, டிங்சர் தீர்ந்தது. அன்னவாசல் பஸ் வரவில்லை, நடை.

செல்லம்மாள் வீடு. பிரசவம் பார்த்தது நான். ரெண்டு மாதப் பெண் குழந்தை. போன வாரம் வயிற்றுப்போக்கு என்று தகப்பன் திருச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனான். தாய்க்குக் காய்ச்சல், கூடப் போகவில்லை. நான் அம்மை குத்தும் முகாமில். யாரும் சொல்லவில்லை.

இன்று பார்த்தால் மார்பில் மல்லிகைப்பூ வைத்து இறுக்கிக் கட்டியிருக்கிறது. குழந்தை செத்த வீட்டில் பாலை வற்ற வைக்கிற கட்டு. இங்கே குழந்தை ஆஸ்பத்திரியில் உயிரோடு!

மாமியார்: "பொழைக்காதுன்னு நெனச்சோம் நர்சம்மா. பால் கட்டி இவ துடிச்சா. பொட்டப்புள்ளதானே, போனாப் போவுதுன்னு..."

பூவைப் பிடுங்கி எறிந்தேன். கட்டி ஐந்து நாளாம். பிழிந்தேன், சொட்டு இல்லை.

5-3, செவ்வாய்

குழந்தை வந்துவிட்டது. எலும்பும் தோலும். புட்டிப்பால் ஒத்துக்கொள்ளவில்லை, மறுபடி வயிற்றால் போகிறது. தாய்ப்பால் இல்லாவிட்டால் தாங்காது.

6-3, புதன்

லேடி டாக்டர் வரும் நாள். நின்ற பால் திரும்புமா என்று கேட்டேன்.

"பால் நின்ன உடனே மார்புல பால் சுரப்பி அழிஞ்சுடாது. கிட்னிக்கு மேல இருக்கிற சுரப்பியோட ஹார்மோன் அந்தத் திசுவைக் கொஞ்ச நாள் காப்பாத்தும். எலியில பார்த்திருக்காங்க. சும்மா விட்டாத்தான் சுருங்கிப் போயிடும்."

"ஊசி உண்டா டாக்டர்?"

"ஊசி எதுக்கு? குழந்தை சப்புறப்ப உடம்பே அந்த ஹார்மோனைச் சுரக்கும். விடாம சப்ப விடுங்க."

இதை முன்பே ஒருவரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. பயிற்சியில் படுக்கை மடிக்க மட்டும் ஒரு மாதம்!

7-3, வியாழன்

ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மார்பில். நடுவில் காய்ச்சிய பால், சங்கில் கொஞ்சம். குழந்தை சப்பிச் சப்பி அழுகிறது. செல்லம்மாளும்.

மாமியார்: "இல்லாத பாலை எங்கேயிருந்து கொண்டாருவீங்க?"

"இருந்த பாலைக் கட்டினது யாருங்க?" என்றேன். முகத்தை வெட்டிக்கொண்டு போனாள். போகட்டும்.

9-3, சனி

பிழிந்ததில் வெள்ளையாக ஒரு சொட்டு. விரலில் எடுத்து இருவரும் மாறி மாறிப் பார்த்தோம். சோப்பு, மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன்.

12-3, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. போக்கு நின்றிருக்கிறது. செல்லம்மாள் சுவரில் சாய்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் புட்டியோடு வந்து கை நீட்டினாள். "புள்ளைய இங்கிட்டுக் குடு, வயிறு ரொம்பாது அதுக்கு."

நான் வாய் திறக்குமுன் செல்லம்மாள். கல்யாணமாகி வந்த நாளாய் எதிர்த்துப் பேசாதவள்.

"தர மாட்டேன் அயித்தை. எம் மக சாகல. நீங்க அங்கிட்டுப் போங்க."

போனாள். குழந்தை மடக் மடக்கென்று விழுங்குவது கேட்டது.