லெதர் பேக் எண்ணும் பேத்தி

நிவேதாவின் பழைய பூட்ஸ் வாசலில் கிடக்கிறது. நேற்று கிளம்பும்போது புது ஜோடியை மாட்டிக்கொண்டு, "இதத் தூக்கிப் போட்டுடு ஆயா" என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்று காலை எறிவதற்காகத்தான் எடுத்தேன். கடல் தண்ணீர் பட்டுப் பட்டு உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. மூக்குக்குக் கிட்டே வந்ததும் கை நின்றுவிட்டது. உப்புப் போட்ட பச்சைத்தோல் நாற்றம். சாயங்காலம் தோல் மண்டியிலிருந்து வந்து நீங்கள் சைக்கிளை நிறுத்தும்போது முதலில் அந்த நாற்றம்தான் வீட்டுக்குள் வரும், பிறகுதான் நீங்கள். முப்பது வருஷம் அதற்காக உங்களோடு சண்டை போட்டேன். இன்று அதை மோந்து பார்த்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பட்டாளத்தில் இருந்தபோதுகூட உங்களுக்கு நான் என் கையால் கடிதம் எழுதியதில்லை. அஞ்சாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு வெட்கமாக இருக்கும், பக்கத்து வீட்டு வாத்தியாரம்மாவை எழுதச் சொல்வேன். இதுதான் முதல் கடிதம். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதைச் சொல்வதற்கு முன்னாலும் உங்களுக்கு ரோல் கால் எடுக்க வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், "எல்லாரும் ஆஜரா?" என்று கேட்டுவிட்டுத்தானே தட்டில் கை வைப்பீர்கள். ஆஜர் சொல்கிறேன், கேளுங்கள். பெரியவன் மகன் சதீஷ் ஷூ கம்பெனியில் மாடல் போடுகிறான். அவன் வரைந்த ஷூ ஜெர்மனிக்குப் போகிறது. அவன் தங்கை வேலூரில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். டாக்டர் கையை நீட்டுவதற்குள் கத்தரியை வைத்துவிடுகிறாளாம், பெரிய டாக்டரே சொன்னார். சின்னவனுடைய மூத்த பையனுக்குக் குடியாத்தத்தில் பாங்கு வேலை. இரண்டு தடவை பரீட்சையில் போய், மூன்றாவது தடவை பிடித்தான். அவன் தம்பி பத்தாவதில் பள்ளிக்கே முதல். கணக்கில் ஒரு மார்க் போய்விட்டது என்று அழுதான். "அந்த ஒரு மார்க்க எனக்குக் குட்றா, நா ஆறாவது சேந்துக்கறேன்" என்றேன், சிரித்துவிட்டான்.

கடைசியாக நம் பெண் சுமதியின் மகள் நிவேதா. அவளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

வாணியம்பாடியில் காலேஜ் முடித்து, மெட்ராஸில் மேல்படிப்பும் முடித்தாள். விலங்குகளைப் பற்றிய படிப்பு. போன வருஷம் ஆடி மாதம் ஒரு நாள் போன் செய்தாள். பின்னால் ஒரே பஸ் இரைச்சல். "ஆயா, வேல கெடச்சிடுச்சு! அந்தமான் பக்கம். லெதர் பேக் ப்ராஜெக்ட்!" அவ்வளவுதான் காதில் விழுந்தது. ஆம்பூரிலே பிறந்து ஆம்பூரிலே வாழ்க்கைப்பட்டவளுக்கு லெதர் பேக் என்றால் வேறு என்ன புரியும்?

பத்து நிமிஷத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. எதிர் வீட்டு மும்தாஜ் ஆபா வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அரே, அந்தமான்லயும் பேக் கம்பெனி தொறந்துட்டாங்களா? தோலு எங்கேர்ந்து போவுது?"

"வேற எங்கேர்ந்து போவும்? நம்ம ஊர்லேர்ந்துதான்" என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

"எம் மருமவனுக்கு ஒரு சீட் கேளேன். ஸ்டிச்சிங்ல பதினஞ்சு வருஷ சர்வீஸ். இங்க பேஜாரா கீதுன்னு தெனமும் பொலம்பறான்."

நிவேதா வீட்டுக்கு வந்த அன்று, மருமகனுடைய பயோடேட்டாவோடு ஆபா தயாராக உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ ஆயா! பேக் இல்ல ஆயா, பேக்!"

"அதத்தான்டி நானும் சொல்றேன், பேக்."

"தோள்ல மாட்ற பேக் இல்ல. முதுகு! தோல் முதுகு! அது ஒரு ஆமை!"

ஆபா அந்தப் பயோடேட்டாவை மெல்ல மடித்துத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள்.

நிவேதா போனில் படம் காட்டினாள். நம் கட்டில் நீளம் இருந்தது அந்த ஆமை. மற்ற ஆமைக்கு இருக்கிற மாதிரி இதற்கு ஓடு கிடையாது. முதுகு முழுக்கக் கறுப்பாக ஒரே தோல், அதில் நீளவாக்கில் வரிகள். நம் கடற்கரை மீன்காரர்கள் ஏழுவரி ஆமை என்பார்களாம். உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். நீங்கள் பார்த்திருந்தால் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, "உண்ணி கடிச்ச தடம் இல்ல, கத்தி பட்ட வெட்டு இல்ல, ஃபர்ஸ்ட் கிரேடு" என்றிருப்பீர்கள். ஆபாவுக்கும் அதே புத்திதான் போயிற்று.

"யா அல்லா, ஒரு தோல்ல எத்தினி பேக் வரும்!"

"ஆபா! அதத் தொட்டாலே ஜெயில்!" என்று பெண் கத்தினாள். மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன், "அந்தமான்ல எந்த எடம்டி?" என்று.

"அந்தமான் தாண்டி ஆயா. கிரேட் நிகோபார். கேம்பல் பேல எறங்கணும்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெயரை நம் வீட்டில் யாரும் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பெரியவன் இடுப்பில், சுமதி வயிற்றில். நீங்கள் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த புதிது. ஓய்வு பெற்ற சிப்பாய்களுக்கு அந்தத் தீவில் சர்க்கார் நிலம் கொடுக்கிறது, குடும்பத்தோடு போய்க் குடியேறலாம் என்று படிவம் கொண்டுவந்தீர்கள். நெமிலிக்காரர் தருமன் அண்ணனும் நீங்களும் பட்டாளத்தில் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நிலம் என்று பேசி வைத்திருந்தீர்கள். அத்தனை சந்தோஷத்தை உங்கள் முகத்தில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"கேம்பல் பேயா? பேர்லயே பேய வெச்சிக்கினு கூப்புட்றாங்க" என்றாள் என் அம்மா. எனக்கு அது போதாதா?

"கொல பண்ணவங்களக் கப்பல்ல ஏத்தி அனுப்பின ஊருங்க அது. நா இன்னா குத்தம் பண்ணேன்?"

"அந்த ஜெயிலு போர்ட் பிளேர்ல இருக்குதுடி. இது இன்னும் கீழ, கடேசித் தீவு. காடு, ஆறு, கடலு. வேற ஒண்ணும் கெடையாது."

"கடேசின்னு நீங்களே சொல்றீங்களே!"

வெள்ளைக்காரன் கைதிகளை அனுப்பிய கதையும், நடுவில் ஜப்பான்காரன் வந்து பிடித்துக்கொண்ட கதையும், பிறகு நம் சர்க்காரிடம் வந்த கதையும் ஒரு வாரம் எனக்குச் சொன்னீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். எட்டாம் நாள் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். மறுநாள் மண்டியில் உப்புத்தோல் அடுக்கும் வேலைக்குப் போனீர்கள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

தருமன் அண்ணன் பெண்டாட்டி பிள்ளைகளோடு போனார். மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். கப்பல் வராவிட்டால் மூன்று கடிதம் ஒன்றாக வரும். நீங்கள் பிள்ளைகளை உட்கார வைத்துப் படித்துக் காட்டுவீர்கள். தென்னை மரம் ஏறுகிற நண்டு, கொடுக்கால் தேங்காயையே உடைக்குமாம். ஒரு கோழி இலையையும் மணலையும் மேடாகக் குவித்து, அதற்குள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுமாம். "அடகாக்காத கோழியா? அது இன்னா கோழி?" என்று அடுப்படியிலிருந்து நான் கேட்பேன். ஆற்றில் முதலை. காட்டுக்குள்ளே நாமெல்லாம் போவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாலிருந்து இருக்கிற ஷோம்பென் சனங்கள், கரையில் நிகோபாரிகள். "நாம போயி அவங்க எடத்துல குந்தினு இருக்கோம்டா" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அந்த வரியை நீங்கள் இரண்டு தடவை படித்தீர்கள்.

பிறகு சுனாமி வந்தது. மூன்று நாள் டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தீர்கள். தருமன் அண்ணனும் அண்ணியும் போய்விட்டார்கள், வீடு போய்விட்டது, நிலம் இருந்த பக்கம் பூமியே தாழ்ந்து கடல் உள்ளே வந்துவிட்டது என்று சேதி வந்தது. நமக்கென்று பேசி வைத்த நிலமும் அதில்தான். தெருவே வந்து என் கையைப் பிடித்தது. "மகராசி, நீ வேணாம்னு சொன்னதாலதான் குடும்பம் பொழச்சிது" என்றார்கள். நீங்களும் நாலாம் நாள் எழுந்து வந்து, "நீ சொன்னது சரிதான்" என்றீர்கள்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் சொன்னால் சட்டம். பெண் பார்ப்பதா, வீடு வாங்குவதா, "ஆயாவக் கேளு, ஆயாவுக்கு முன்னாடியே தெரியும்" என்பார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு இருந்துவிட்டேன்.

அந்தச் சட்டத்தைத்தான் சுமதி பிடித்துக்கொண்டாள். "அம்மா, அன்னிக்கு அப்பாவ நிறுத்தினியே, அதே மாதிரி இவளயும் நிறுத்து. நீ ஒரு வார்த்த சொன்னா போதும்" என்று என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். நிவேதா சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். "ஆயா வேணாம்னா நான் போகல. சத்தியமா" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். திருப்பிக் கொடுக்கப் போகிற படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட அன்று உங்கள் முகம் எப்படி இருந்ததோ, அப்படி இருந்தது.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அந்தத் தண்ணி மறுபடி வந்தா இன்னாடி பண்ணுவ?"

"வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன் ஆயா. மேட்ட பாத்து ஓடுவேன், அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றாள். பிறகு அவளே சொன்னாள். இந்த ஆமைகள் முட்டையிட வருகிற கரையையும் அன்றைக்குக் கடல் வாரிக்கொண்டு போய்விட்டது. வந்த ஆமைக்குக் குழி தோண்ட மணல் இல்லை. "அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மணல் திரும்பி வந்து சேந்துச்சு ஆயா. ஆமையும் திரும்பி வந்துச்சு. எத்தன வருது, எந்த எடத்துல ஏறுதுன்னு எண்ணி எழுதி வெக்கணும். எழுதி வெச்சுட்டா, இது அதுங்களோட கரை இல்லன்னு நாளைக்கு யாரும் சொல்ல முடியாது."

சுமதியையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நாற்பது ஐம்பது வருஷமாக நெஞ்சுக்குள்ளே இருந்ததை அன்றைக்குத்தான் வெளியே எடுத்தேன்.

"சுமதி, உங்கப்பாவ நா நிறுத்தினது புத்தியால இல்ல. சுனாமி வரும்னு எனக்கு ஜோசியமா தெரியும்? கப்பல் ஏற பயம். எங்கம்மாவ உட்டுட்டுப் போக பயம். அவ்ளோதான். எம் பயத்துக்கு அந்த மனுஷன் ஆசய உட்டுட்டாரு."

சுமதி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "இத்தினி வருஷமா ஒரு வார்த்த சொல்லலியே நீ!"

"எங்க சொல்றது? எல்லாரும் என்னக் கும்பிட்டுக்கினு இல்ல இருந்தீங்க? எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு." பிறகு பேத்தியிடம் சொன்னேன். "போய்ட்டு வா. பயத்தோட போ, பரவால்ல. ஆனா போ."

சுமதி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. இப்போது அவள்தான் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போனில் ஆமையைக் காட்டுகிறாள்.

உங்கள் பேத்தி என்ன செய்கிறாள் தெரியுமா? ஆமை ஏறி இறங்கிய தடத்தைப் பார்த்து, அது எந்த இனம், முட்டை இட்டதா, சும்மா திரும்பிப் போனதா என்று சொல்லிவிடுகிறாள். இந்த ஆமை போன தடம் டிராக்டர் போன மாதிரி இருக்குமாம். அளந்து நோட்டில் எழுதுகிறாள். அவள் எழுதியதைப் பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரர்கள் வாங்கிப் படிக்கிறார்கள், கீழே அவள் பெயர் அச்சில் வருகிறது. மரம் ஏறும் நண்டைப் பார்த்துவிட்டாள். அடைகாக்காத கோழியும் நிஜம்தான். நிகோபாரிக் கிழவி ஒருத்தி இவளுக்கு அவர்கள் பாஷையில் ஆமைக்கு என்ன பெயர் என்று சொல்லிக் கொடுத்தாளாம். தெருவில் யாராவது பேக் என்றால், எந்த பேக் என்று இப்போது நான் கேட்கிறேன்.

இந்த லீவில் வந்தபோது இன்னொன்றும் சொன்னாள். தருமன் அண்ணனுடைய கடைசி மகள் கேம்பல் பேயிலேயே இருக்கிறாள். தண்ணீர் வந்த அன்று மேட்டிலிருந்த ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறப் படுத்திருந்தாளாம், அதனால் தப்பினாள். இவள் இன்னார் பேத்தி என்றதும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீரைக் காட்டினாளாம். பட்ட தென்னை மரங்கள் மொட்டையாக நிற்கின்றனவாம் அங்கே. "அதோ அதுதான் எங்க நெலம், அதுக்குப் பக்கத்துல உங்க தாத்தாவுக்குன்னு பேசுனது. வேற ஆளுக்குப் போன பின்னாடியும் எங்கப்பா அத 'தோஸ்த் நெலம்'னுதான் சொல்வாரு" என்றாளாம்.

நீங்கள் சொன்ன அந்தச் "சரிதான்" என்னிடம் இன்னும் இருக்கிறது. எனக்குச் சேராததை இத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் அந்தப் பெண்ணைப் போகச் சொன்னேனே, அதற்கு இப்போது அதை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் மறுக்க மாட்டீர்கள்.

அவள் அனுப்புகிற படங்களில் ஆமைதான் இருக்கிறது. எடுப்பவள் இவள் என்பதால் இவள் முகம் ஒன்றிலும் இல்லை. அதனால் இன்றைக்கே அவளுக்கு ஒரு கார்டு எழுதிவிட்டேன், என் கையாலேயே. "நிவேதா, தோஸ்த் நெலம் இருந்த இடத்துக்கு நேராக நின்று புதிதாக ஒரு போட்டோ எடு. முகம் நன்றாகத் தெரிய வேண்டும், பின்னால் அந்தத் தண்ணீரும் தெரிய வேண்டும். போனில் அனுப்பாதே. கழுவி, உள்ளே அட்டை வைத்து, மடங்காமல் தபாலில் போடு. தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும்."