தம்பி அவசரமாகப் பூக்க வைத்த தோட்டம்

எதற்கும் அவசரப்படாத என் அப்பாவுக்கு,

உன் போன் விளையாட்டில் இருந்த தோட்டத்தை நேற்று தம்பி குமார் முடித்துவிட்டான். உன் காரியத்துக்கு வந்தவர்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போனைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லோருக்கும் காட்டினான்.

"அப்பா பாதியில விட்டுட்டுப் போன லெவல் எல்லாம் முடிச்சிட்டேன்க்கா. கார்டுல காசு கட்டுனேன், எல்லாம் ஒரே நேரத்துல பூத்துருச்சு."

ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான் அல்லவா, பாக்கி என்று எதைப் பார்த்தாலும் முடித்தாக வேண்டும். "புள்ளன்னா இப்படி இருக்கணும்" என்று அத்தை வேறு மெச்சினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாம்பார்க் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

அது முடிக்கிற விளையாட்டா அப்பா? விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, போனை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. ஆயுள் முழுக்க சிவாஜிநகர் நெரிசலில் பஸ் ஓட்டினாய். பின்னால் நின்று யாரும் ஹாரன் அடிக்காத ஒரே இடம் இதுதான் என்று சிரிப்பாய். காசு கொடுத்தால் உடனே பூக்கும் என்று அது காட்டும்போதெல்லாம், "விடு, அதுவா பூக்கட்டும்" என்று தள்ளிவிடுவாய்.

மூலையில் மொட்டு விட்டிருந்த செண்பக மரத்துக்குக் கன்னடத்தில் சம்பிகே என்று பெயர் வைத்திருந்தாய். நீ போன பிறகு தினமும் நான்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றினேன். உனக்குப் பதிலாக நானாவது அது பூப்பதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தேன். இப்போது எல்லாம் பூத்து முடிந்ததாம், விளையாட்டு அந்தத் தோட்டத்தையே எடுத்துக்கொண்டு வெறும் மண்ணைக் கொடுத்திருக்கிறது.

சாயங்காலம் அவனைப் பிடித்தேன். "யாருடா உன்னக் கேட்டா?"

போனை என் கையில் வைத்தான். "அப்பாவ ஆஸ்பத்திரிக்குத்தான் சீக்கிரம் கூட்டிட்டுப் போகலக்கா. இதையாவது சீக்கிரம் முடிச்சிடலாம்னு..."

அதோடு என் கோபம் உன் பக்கம் திரும்பிவிட்டது. அன்றைக்கு நெஞ்சை அடைக்கிறது என்றாய். குமார் ஆட்டோ பிடிக்கக் கிளம்பினான். போனைக் கையில் வைத்துக்கொண்டு நீ என்ன சொன்னாய்? "விடுப்பா, அதுவா சரியாயிடும்." செடிக்குச் சொன்ன அதே பேச்சு. செடி காத்திருக்கும், நெஞ்சு காத்திருக்குமா? அவனை ஏன் தடுத்தாய்? அந்தப் பாரத்தை அவன் எங்கே கொண்டுபோய் இறக்குவான்?

இன்று காலை புது மண்ணில் சம்பிகே விதை போட்டேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான், கார்டை எடுக்கவில்லை. அது எப்போது பூக்கிறதோ அப்போது பூக்கட்டும்.

அம்மாவுக்கு நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது. "தானா சரியாயிடும்டி" என்று உன்னை மாதிரியே சொல்கிறாள். குமார் ஆட்டோவை வாசலில் நிறுத்தியிருக்கிறான். கத்தினாலும் சரி, திட்டினாலும் சரி, தூக்கி உட்கார வைத்துக் கூட்டிப் போகப்போகிறோம். இந்த வீட்டில் இனி காத்திருப்பது செடிக்கு மட்டும்தான். இது சத்தியம் அப்பா.

உன் மேல் கோபம் ஆறாத மகள்,
செல்வி