பதினோராவது அறை

மார்ச் 3, செவ்வாய்

முதலில் வெட்கக்கேட்டை எழுதித் தொலைத்துவிடுகிறேன். போன ஞாயிறன்று, மச்சான் மகளின் கல்யாணம் பேச வந்த வருங்காலச் சம்பந்திகள் முன்னால், வாய் நிறையச் சோற்றோடு, மச்சானைக் காட்டி, "இவன் சின்ன வயசுலேர்ந்தே பொய்யன்தாங்க" என்று சொல்லிவிட்டேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. காரணம், ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு.

மச்சான் என் மனைவியின் அண்ணன். அதற்கு முன்னால் என் பள்ளிக்கூட நண்பன். டிவியோடு இணைக்கிற கம்ப்யூட்டர் ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது. விளையாட்டுகள் கேசட்டில் வரும். டேப் ஐந்து நிமிடம் அலறினால்தான் திரையில் படம் விழும். அதில் ஒரு திருடன், ஒரு அரண்மனை. அறை அறையாகத் தாண்ட வேண்டும். நான் அந்த விளையாட்டுக்காகத்தான் தினமும் அங்கே போனேன் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கதவைத் திறந்துவிட்டவளைத்தான் பிற்பாடு கட்டிக்கொண்டேன்.

அந்தத் திருடனை மச்சான் ஞாயிறன்று சம்பந்திகளுக்கு விவரித்துக்கொண்டிருந்தான். "பதினோராவது அறையில தலையில்லாத காவல்காரன் நிப்பான். அவனைத் தாண்டினது நான் ஒருத்தன்தான்." எப்படிப் பொறுப்பது? தாண்டியவன் நான். இவன் ஏழாவது அறையிலேயே செத்துச் செத்து விழுவான்.

மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மச்சானின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

மார்ச் 4, புதன்

மாப்பிள்ளையின் அம்மா "யோசிச்சுச் சொல்றோம்" என்றுவிட்டாளாம். மச்சான் போனை எடுப்பதில்லை. மனைவி என்னோடு நேராகப் பேசுவதில்லை. ஃப்ரிட்ஜைப் பார்த்துப் பேசுகிறாள்.

"எனக்கு இருக்கறது ஒரே அண்ணன். ஒரு பொம்மைத் திருடனுக்காக அவனை இந்த வீட்டுப் பக்கமே வரவிடாம பண்ணியாச்சு."

மன்னிப்புக் கேட்டால் முடிந்துபோகும் என்கிறாள். கேட்கலாம். ஆனால் பொய் சொன்னது அவனாயிற்றே.

மார்ச் 6, வெள்ளி

போன் மணி ஒருமுறை அடிப்பதற்குள் மச்சான் கட் செய்கிறான். அந்த வயதில் விரலில் இந்த வேகம் இருந்திருந்தால் எட்டாவது அறையையாவது பார்த்திருப்பான்.

மார்ச் 8, ஞாயிறு

கிடைத்துவிட்டது. மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய பாட்டு கேசட்டுகளுக்கு நடுவே. ஏ பக்கம் விளையாட்டு. பி பக்கத்தில் மச்சானின் கோழிக் கிறுக்கல்: "கடைசியாக நின்ற இடம் – தொடாதே."

பாதியில் நிறுத்தும்போது, எந்த அறையில் நிற்கிறோம் என்பதையும் கேசட்டிலேயே பதிந்துவைப்போம். அதாவது சாட்சி என் கையில். ஏழாவது அறையில் நின்றான் என்றால் நான் சொன்னது சரி. பதினொன்றைத் தாண்டி நின்றான் என்றால் காலில் விழ வேண்டியதுதான். முழங்கால் வலிக்கு மருந்து வாங்கி வைக்க வேண்டும்.

மார்ச் 11, புதன்

நான் வைத்திருப்பது மூக்குக் கண்ணாடிக் கடை. இரண்டு நாளாக அது கேசட் ஆஸ்பத்திரி. டேப்பைப் படிக்கிற ஹெட்டோடு அதை அணைத்துப் பிடிக்கும் குட்டிப் பஞ்சு உதிர்ந்துபோயிருந்தது. கண்ணாடிப் பெட்டியின் உள் பஞ்சில் ஒரு துணுக்கை வெட்டி ஒட்டினேன். பிளேயரிலிருந்து லேப்டாப்புக்கு ஒயர். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கிற ஒரு சாஃப்ட்வேரும் இறக்கியாயிற்று. சத்தம் வந்தது – தலையணைக்குள் யாரோ கத்துவது போல.

வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள், கண்ணாடிக் காலை முறுக்கிக்கொள்ள வந்தவர், ஒரு நிமிடம் காது கொடுத்தார். "ஹெட் சாஞ்சிருக்கு. பக்கத்துல ஸ்க்ரூ இருக்கும் பாருங்க. சத்தம் காதைக் குத்தற வரைக்கும் மெதுவாத் திருப்புங்க."

கண்ணாடி முறுக்குகிற ஸ்க்ரூ டிரைவர் அளவெடுத்தது போல் பொருந்தியது. சத்தம் காதைக் குத்தியது. கண் பரிசோதனைக்குக் காத்திருந்தவர், "இப்பக் காதும் பாக்கறீங்களா?" என்றார்.

விளையாட்டு வந்துவிட்டது! அதே அரண்மனை, அதே குச்சிக் கால் திருடன். மூன்றாவது அறையில் செத்தேன். மறுபடியும் மூன்றாவது அறை. கடை மூடும்வரை மூன்றாவது அறை.

மார்ச் 14, சனி

பி பக்கம் வரவே மாட்டேன் என்கிறது. ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் பாதியில் அறுந்துபோகிறது.

அம்மாளுக்குப் போன் செய்தேன். "அந்தப் பக்கம் வீட்டுல பதிஞ்சதுதானே? பதிஞ்ச மெஷின்ல ஏதோ கோளாறு இருந்திருக்கு. என்னன்னு பதிஞ்சவரையே கேளுங்க."

பதிந்தவரை. நல்ல யோசனை. உலகத்தில் அவர் ஒருவர்தான் கிடைத்தாரா?

மார்ச் 16, திங்கள்

மச்சானின் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். ஒரு பெண்ணுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்ணாடியில் பார்த்தும் நிறுத்தச் சொல்லவில்லை. நான்தான் ஒதுங்கினேன்.

"எதுக்கு வந்தே?"

"பி பக்கம் வரலடா."

அவன் முகம் மாறியது. "அந்தக் கேசட்டா? உங்கிட்டயா இருக்கு?" பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல்: "மூடியை அழுத்தினியா?"

"எந்த மூடி?"

"எங்க டேப் ரெக்கார்டர்ல கொக்கி உடைஞ்சு மூடி நிக்காதுடா. கட்டை விரலால அழுத்திக்கிட்டு, கேசட் சாஞ்சபடியேதானே பதிவேன். அதே மாதிரி அழுத்தினாத்தான் வரும். நீ பக்கத்துல உக்காந்து பிஸ்கட்டுத் தின்னுக்கிட்டிருந்தே, உனக்கு எங்க தெரியும்?"

"அப்ப வந்து அழுத்திக் குடேன்."

"பொய்யன் விரல் உனக்கு எதுக்கு?"

மன்னிப்புக் கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கேட்டேனா? "பயப்படறேடா நீ" என்றேன். வேலை செய்தது.

மார்ச் 22, ஞாயிறு

வந்தான். மனைவி அவனுக்கு டீ கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், மூன்று வாரத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்து.

மூடியில் கட்டை விரல். அறுந்தது. "கொஞ்சம் இடது பக்கம்." அறுந்தது. "இன்னும் அழுத்தினாத்தான்டா." அவனுக்கு விரல் மரத்துவிட்டது. அவன் கட்டை விரல் மேல் என் கட்டை விரலை வைத்து அழுத்தினேன். இரண்டு கிழட்டு எருமைகள், ஒரு மூடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல்.

படம் விழுந்தது. திருடன் நின்றுகொண்டிருந்தான். மூலையில் அறையின் எண். பார்த்துவிட்டு நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் வலது அம்பை அழுத்தினான். திரை மாறியது. அதில் இருந்ததை இரண்டு பேரும் படித்தோம். இன்னொரு முறை படித்தோம். அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் அவனைப் பார்க்கவில்லை.

"என்ன, யார் பொய்யன்னு தெரிஞ்சுதா?" சமையலறையிலிருந்து மனைவி.

"டேப் போச்சும்மா" என்றான் மச்சான். "துரு."

"பூஞ்சை" என்றேன் நான், அதே நேரத்தில்.

கரண்டியோடு வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மச்சான் லேப்டாப்பை மூடினான். போகும்போது வாசலில் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

மார்ச் 29, ஞாயிறு

மச்சான் வீட்டில் மறுபடியும் சம்பந்திகள். இந்த முறை விழுங்கிவிட்டுப் பேசினேன்.

"அன்னைக்கு நான் சொன்னதுதாங்க பொய். பொறாமை. பதினோராவது அறையைத் தாண்டினது மச்சான்தான். என் கண்ணால பாத்தேன்."

"சும்மா இருடா" என்றான் மச்சான். "பெருந்தன்மையாப் பேசறாருங்க. முதல்ல தாண்டினது இவர்தான். அந்தத் தலையில்லாத காவல்காரனை எப்படி ஏமாத்தறதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான்."

"இல்லீங்க, அவன்தான்."

"இவர்தாங்க."

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருவருக்கொருவர் இப்படி விட்டுக்கொடுக்கிற குடும்பத்தைப் பார்ப்பதே அரிது என்றாள். தேதி குறித்துவிட்டார்கள். மனைவி மட்டும் பரிமாறுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த விளையாட்டில் மொத்தமே ஒன்பது அறைகள்தான்.