ஆறு மார்க் கேள்வி

ஜூலை 20, ஞாயிறு

நாற்பத்து நான்கு வயதில், படிப்பை விட்டவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமையில் நடத்தும் பிளஸ் டூ எழுதுகிறேன். இன்று சரித்திரப் பரீட்சை. ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதுவது ஏன் என்று கேட்டு, உதாரணமும் கேட்டிருந்தார்கள். எங்கள் ஏலத்தோட்டத்து வேலைநிறுத்தத்தை எழுதினேன். மூன்றாம் நாளே நான் காய் எடுக்க வேலைக்குப் போய்விட்டவள். போனவர்களுக்கும் காரணம் இருந்தது என்று எழுதினேன்.

கடைசிவரை வேலைக்குப் போகாத செல்வி முன் பெஞ்சில் இருந்தாள். அன்றிலிருந்து ஒன்பது வருடமாக என்னோடு பேச்சில்லை. வெளியே வந்ததும் அவளே கேட்டாள்.

"அந்த ஆறு மார்க்குக்கு என்ன எழுதுன?"

"நம்ம ஸ்டிரைக்கத்தான்."

"நானுந்தான். வேலைக்குப் போனவள்க துரோகின்னு எழுதிட்டு, பெறகு அந்த வரிய அடிச்சிட்டேன்."

"ஏன்?"

"ஒன் மவனுக்கு அப்ப காய்ச்சல்னு எனக்குத் தெரியும்ல."

ஒன்பது வருடமும் தெரிந்தேதான் இருந்திருக்கிறாள். ஊர் திரும்பும் ஜீப்பில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.

சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் இதை எழுதும்போது அழுகையோடு கோபமும் வருகிறது. நாளை ஏலக்காட்டில் வேலையில் பார்க்கும்போது கேட்டுவிடுவேன், ஏன்டி அன்றைக்கே சொல்லவில்லை என்று.