நான்கு அடிகள் யாருடையவை?

ஹர்கெய்சா,
வியாழன், அஸர் தொழுகைக்குப் பின்.

மதிப்பிற்குரிய எழுத்தாளர் வர்ஸமேவுக்கு,

சலாம். டொராண்டோவில் நீயும் பிள்ளைகளும் நலம் என்று கேள்விப்பட்டேன். இங்கே இந்த முறையும் மழை பொய்த்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் உன் நாவல் இரண்டாம் ஆண்டுப் பாடம்; நடத்துபவன் நான்தான்.

அதில் சிறையிலிருக்கும் நாயகனுக்கு நாடே ஒரு கவிதை அனுப்புகிறது. 'இயற்றியவர் பெயரில்லை, இது மக்களின் குரல்' என்று எழுதியிருக்கிறாய். இயற்றியவரின் பெயரை முதலில் சொல்லாமல் ஓர் அடியைக்கூட வாய்விட்டுச் சொல்லலாகாது என்பது நாம் இருவரும் அறிந்த முறை. மீறுகிறவனை நம் மக்கள் திருடன் என்பார்கள். ஆயினும் புத்தகம் வந்து ஆறு ஆண்டுகள் நான் வாய் திறக்கவில்லை. சிதறிக் கிடந்த நாட்டுக்குப் பொதுவாக ஒரு பாட்டாவது கிடைத்ததே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அந்தக் குற்றம் என்னுடையது.

சென்ற மாதம் ஒரு திருமணக் கூடாரத்தில் பெண்கள் மேளம் தட்டிக் கவிதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் அக்கா ருக்கியோ எழுந்து, "இது ருக்கியோ கட்டினது, புருஷன் ஜாமாவுக்கு" என்று முறைப்படி தொடங்கியிருக்கிறாள். மணப்பெண்ணின் தோழி ஒருத்தி சிரித்தாளாம்: "அத்தே, இது வர்ஸமே புத்தகத்துல இருக்கே! நாட்டோட பாட்டையே உங்க பேருக்கு மாத்திக்கிட்டீங்களா?" அக்கா விடவில்லை: "அடியே, நான் பெத்த பிள்ளைக்கு என்னையே ஆயாவாக்குறியா?" கூடாரமே சிரித்திருக்கிறது, அக்காவைப் பார்த்து.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும், "அந்தப் புத்தகத்தை எடுடா, ஒண்ணு விடாம படி" என்றாள். 'என் ஜாமா' என்று அவள் அழைத்த இடமெல்லாம் 'மண்ணின் மைந்தனே' என்று நீ மாற்றியிருந்ததைக் கேட்டும், "மேலே படிடா" என்றாள். பிறகு நாயகன் சொல்லும் பதில் வந்தது. நான்கே அடிகள். "நிறுத்து. திரும்பச் சொல்லு" என்றாள்.

அன்று முதல் அவள் ஓரிடத்தில் உட்காருவதில்லை. முற்றத்தில் நடந்தபடி அந்த நான்கு அடிகளையே சொல்கிறாள். என்னைக் கண்டால் ஒரே கேள்விதான்: "இது அவர் பேச்சா, இவன் கட்டினதா?"

நீ மறந்திருக்க மாட்டாய். ஜாமா சிறையிலிருந்தபோது அந்தச் சிறை மருந்தகத்தில் உனக்கு வேலை. அவள் தன் கவிதையை மூன்று முறை சொன்னாள், நீ பிசகாமல் திருப்பிச் சொன்னாய், ஜாமாவிடம் சேர்ப்பதாக வாக்களித்தாய். கவிதையைச் சுமந்து போகிறவன் பதிலைச் சுமந்து திரும்ப வேண்டும். பதினெட்டாம் நாள் ஜாமாவின் உடல் வந்தது. நீ எல்லையைத் தாண்டியிருந்தாய்.

கவிதைக்கு உரிமை கோரி நான் எழுதவில்லை. அடுத்த பதிப்பில் அவள் பெயரை அச்சிடுவதும் விடுவதும் உன் மனச்சாட்சி. அந்த நான்கு அடிகள் ஜாமாவினுடையவை என்றால், ஒரு மனைவிக்கு வந்த பதிலை முப்பத்து மூன்று ஆண்டுகள் நீ வைத்துக்கொண்டாய். உன்னுடையவை என்றால், அதையும் சொல். அவள் அழுது முடிக்கட்டும்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவளைத் தொலைபேசியில் அழை. நலம் விசாரிக்காதே, நாட்டைப் பற்றிப் பேசாதே. அடிகளைச் சொல்லுமுன், முறைப்படி, இயற்றியவரின் பெயரைச் சொல்.

அல்லாஹ் உன் நாவுக்கு அந்த ஒரு பெயரை அருளட்டும்.

இப்படிக்கு,
ருக்கியோவின் தம்பி
கூலெத்