முஸ்தபா போட்டது வேடமல்ல

பீளமேடு,
18.3.2025

தம்பி கிருபாசங்கருக்கு,

ஊர்க்காவல் படைக் காவலர் முஸ்தபாவை நீங்கள் பொய்யராக்கிவிட்டீர்கள். காரமடை ரோட்டில் திருவிழாக் கூட்டத்தைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தவர் மீது வேன் ஏறி இடது கால் போயிற்று. இப்போது கமாண்டராக இருக்கும் நீங்களோ, "அன்று அவருக்குப் பணி இல்லை, அனுமதியின்றிச் சீருடை அணிந்திருந்தார்" என்று மேலே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். ஆள்விட்டுச் சீருடையையும் வாங்கிக்கொண்டீர்கள்.

அன்று காலை எனக்குப் போன் செய்தது யார்? "ஏனுங்ண்ணா, ஆளு பத்தலீங்க. நீங்க ரிட்டயர்டு ஆனாலும் உங்க பேச்சைத்தான் கேப்பாங்க. யாரையாச்சும் வரச் சொல்லுங்க." நான் முஸ்தபாவைக் கூப்பிட்டேன். தையற்காரரான அவருக்குப் பெருநாள் துணிகள் குவிந்து கிடந்த நேரம். "மிசினை மூடிப்போட்டு வாரேனுங்க" என்றார். நோன்போடு போய் நின்றார்.

நேற்று ஆஸ்பத்திரியில் அவர் மனைவி ரம்லா கேட்டார்: "என்ற ஊட்டுக்காரரு வேசங்கட்டிட்டு ரோட்டுல நின்னாருங்களாண்ணா?" எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சீனிவாசலு
(ஓய்வுபெற்ற பிளட்டூன் கமாண்டர்)

கணபதி,
24.3.2025

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

வணக்கம். அண்ணி நலம்தானே? கோபப்படாதீர்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் அன்றைய வருகைப் பதிவேட்டில் முஸ்தபா பெயர் இல்லை. பதிவேட்டில் பெயர் இல்லாதவன் பணியில் இல்லாதவன் என்று பயிற்சி மைதானத்தில் எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். இப்போது மாற்றி எழுதினால், ஓய்வுபெற்றவர் எந்த அதிகாரத்தில் ஆள் அழைத்தார் என்று உங்களைத்தான் கேட்பார்கள். உங்கள் நற்பணிச் சான்றுக்கும் பங்கம் வரும். உங்களுக்காகவும்தான் அப்படி எழுதினேன். பழம் வாங்கிக்கொண்டு முஸ்தபாவைப் போய்ப் பார்க்கிறேன்.

என்றும் அன்புள்ள தம்பி,
கிருபாசங்கர்

பீளமேடு,
27.3.2025

கமாண்டர் கிருபாசங்கர் அவர்களுக்கு,

அந்தப் பதிவேட்டு விதி நான் வைத்ததுதான். வராமலே வந்ததாகச் சொல்பவர்களுக்காக வைத்தது. அன்று, "கையெழுத்தெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், நேரா ரோட்டுக்குப் போயிரப்பா" என்று முஸ்தபாவிடம் சொன்னவனும் நான்தான். தப்பு என்னுடையது. அதை அவர் தலையில் கட்டியது நீங்கள்.

கலவரம், வெள்ளம், தேர்தல், தேர் என்று போலீஸ் போதாத இடத்திலெல்லாம் நம் ஆட்களைத்தான் நிறுத்துகிறார்கள். நிற்கும்வரை காவலர், விழுந்தால் யாரோ. தூ! இப்படி என்னைக் காப்பாற்ற வேண்டாம்.

நடக்க வேண்டியவை:

பதிவேடு எழுதும் எழுத்தர், முஸ்தபா பெயரைப் பழைய தேதி போட்டுச் செருகக் கூடாது. விட்டுப்போனது என்று இன்றைய தேதியிலேயே எழுத வேண்டும்.

நான், நாளைக் காலை மேலதிகாரியிடம் என் வாக்குமூலத்தைக் கொடுப்பேன். நற்பணிச் சான்றையும் மேசையில் வைத்துவிட்டு வருவேன்.

நீங்கள், அறிக்கையைத் திரும்பப் பெற்று, எனக்குப் போன் செய்ததையும் எழுத வேண்டும். சீருடையை நீங்களே கொண்டுபோய் ரம்லா கையில் கொடுக்க வேண்டும். அதுவரை என்னை அண்ணா என்று எழுத வேண்டாம்.

சீனிவாசலு